தவக்காலம் முடிந்த பிறகும் குடிக்காமல் இருக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி சபைகளுக்கும் குடும்பங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் குடிக்கிறவர்களில் பலர் குடிப்பதில்லை. வீட்டில் கவிச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதை. எப்போதும் கடைக்குக் கூப்பிடும் நண்பர்கூட, “அவர் தவசு இருக்கிறார், விட்டுவிடுங்கள்” என்று ஒதுங்கிக்கொள்கிறார். சபரிமலைக்கு மாலை போட்ட இந்துச் சகோதரர்களுக்கும் ஊர் இதே மரியாதையைத் தருகிறது. ஈஸ்டர் ஞாயிறு மதியம் ஆனதும் அந்த மரியாதை முடிந்துபோகிறது. மாலைக்குள் பாட்டில் திறக்கப்படுகிறது.

இதைப் பார்த்து, “நாற்பது நாள் முடிந்தது, மற்ற நாளில் முடியாதா? கொழுப்புதான்” என்று திட்டுகிறோம். எனக்கு வேறு கணக்கு தோன்றுகிறது. அந்த நாற்பது நாளும் அவரைத் தாங்கியதில் அவருடைய மனவுறுதிக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு வீட்டுக்கும் கோயிலுக்கும் தெருவுக்கும் உரியது. அவர் குடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் அதற்கு இடம் கொடுத்தார்கள். நாற்பத்தொன்றாம் நாள் அவரை நாம் தனியே விட்டுவிட்டோம்.

இறந்து கல்லறையில் கிடந்த லாசருவை உயிரோடு எழுப்பியவர் இயேசு. ஆனால் அவன் கை கால்களில் சுற்றியிருந்த துணிகளைக் கட்டவிழ்க்கும் வேலையைச் சுற்றி நின்றவர்களிடம் விட்டார் (யோவான் 11:44). அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. குடியை விட நினைப்பவர், அவருடைய குடும்பத்தார், பங்குத்தந்தை, போதகர், அன்பியம் எனும் கத்தோலிக்க அண்டை வீட்டுக் குழுவின் பொறுப்பாளர் ஆகிய எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

கடையை மூடினால் போதாதா என்று கேட்பவர்கள் நம் மாவட்டங்களின் பழைய கதையை நினைவில் கொள்ள வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தவை. பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1983இல் டாஸ்மாக் வந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. சட்டம் வரும், போகும். கடை குறைய வேண்டும் என்று போராடுவதை நான் மதிக்கிறேன். ஆனாலும் இன்று மாலை ஆறு மணிக்குக் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் மனிதருக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

முதல் படி: ஜெபத்துக்கு முன்போ பின்போ, மருத்துவரிடம் போங்கள்

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குக் குழப்பம் முற்றும்: இல்லாத ஆட்களைப் பார்ப்பார், இல்லாத குரல்களைக் கேட்பார், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார். பில்லி சூனியம், பேய் என்று நினைத்து அவரை ஜெபவீட்டில் கிடத்துவது எங்கள் பக்கம் இன்றும் நடக்கிறது. அது மூளை மதுவைத் தேடித் தவிக்கும் நிலை. மருந்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும். தாமதித்தால் உயிர் போகும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே மனநலப் பிரிவில் கேளுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை எட்டும் தூரம். அங்கே அடிமைப் பழக்கங்களுக்கென்றே தனி மையம் உண்டு. ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தாருக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்கு அது பெயர் பெற்றது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசியப் போதை ஒழிப்பு உதவி எண்ணையோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையோ அழையுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, சோற்றிலோ காபியிலோ தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பது. குடியை நிறுத்தக் கொடுக்கப்படும் டைசல்ஃபிரம் மாத்திரையை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து இறந்தும் போகலாம். அவருடைய சம்மதமும் மருத்துவரின் மேற்பார்வையும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இரண்டாவது, கட்டிப்போடுவது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயில் சேர்த்திருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அது தடை செய்கிறது. எந்த ஊழியரும், எந்த இல்லமும் இதற்கு விலக்கல்ல.

சபை இந்த நாள்களில் என்ன செய்யலாம்? மருத்துவமனையில் இரவு கூட இருக்க ஆள் அனுப்பலாம். மனைவி கூலிக்குப் போகிறவர் என்றால், அவர் இழக்கும் நாள்கூலியை ஈடுகட்டலாம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிற பங்குகளில் இது அவர்களுக்குப் பழகிய வேலை.

இரண்டாம் படி: உண்மை தெரிந்த இரண்டு பேர்

குடியை விட முயல்கிறவருக்கு ஞாயிறு ஆராதனையில் இருநூறு பேர் கைகொடுப்பார்கள். “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால், “கர்த்தர் கிருபையால் நன்றாக இருக்கிறேன்” என்று பதில் வரும். அந்த இருநூறு பேரில் எவருக்கும், நேற்று இரவு அவர் கடை வாசல் வரை போய்த் திரும்பியது தெரியாது. கூட்டம் பெரிதாக இருப்பதை ஐக்கியம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒருவர் பொய் சொல்லத் தேவையில்லாத இடம்தான் ஐக்கியம்.

ஆகவே முதலில் அவருக்குத் துணையாக இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். பெண்களும் குடிக்கிறார்கள், அவர்களுடைய வெட்கம் இரட்டிப்பு என்பதால் அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இந்த இருவரில் ஒருவராவது தானே குடியிலிருந்து மீண்டவராக இருந்தால் மிகவும் நல்லது. மற்றவர் வாய் காக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் பெரிய ஜெபவீரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற வியாபாரி ஒரு ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போயிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம். மறுபக்கம் அந்த ஊர்த் திருச்சபைகளின் பட்டியல். அவர் பட்டியலைப் பார்த்து ஒரு போதகருக்குத் தொலைபேசினார். அந்த அழைப்பு கைமாறிக் கைமாறி அவரை டாக்டர் பாப் ஸ்மித் என்ற இன்னொரு குடிநோயாளரிடம் கொண்டுசேர்த்தது. இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இன்று உலகெங்கும் பரவியிருக்கும் அந்த இயக்கத்தின் தொடக்கம், இன்னொரு குடிநோயாளரிடம் பேசினால்தான் தான் பிழைப்போம் என்று ஒருவர் உணர்ந்ததில் இருக்கிறது.

துணையாகத் தேர்ந்தெடுத்த இருவருடைய எண்களும் குடியை விடுகிறவருடைய கைபேசியில் முதலில் இருக்கட்டும். ஆசை வந்த பிறகு அழைப்பது கடினம். அதனால் எதுவும் நடக்காத நாளிலும் தினமும் ஒரு முறை பேசும் வழக்கத்தை முதல் வாரமே ஏற்படுத்துங்கள். “சாப்பிட்டீர்களா அண்ணா, வேலை முடிந்ததா?” என்ற அளவு போதும்.

மூன்றாம் படி: வாரம் ஒரு கூட்டம்

நமக்குக் கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டம் இரண்டு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. தமிழகத்தின் மற்றப் பங்குகளைப் போலவே இங்கும் அன்பியங்கள் உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம், பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபம். ஆனால் அன்பியக் கூட்டத்திலேயே குடிப்பழக்கத்தைப் பேசவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே பக்கத்து வீட்டார் இருப்பார்கள், சம்பந்தி வீட்டார் இருப்பார்கள், கடன் கொடுத்தவர் இருப்பார். யார் வாய் திறப்பார்? தனிக்கூட்டம் வேண்டும்.

இடம், பங்குப் பள்ளியின் ஒரு வகுப்பறையோ மறைக்கல்வி அறையோ போதும். நேரம், சனிக்கிழமை மாலை. காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன். ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றேகால் மணி. ஒரு சிறு ஜெபம், ஒரு சிறு வேதப்பகுதி, பிறகு ஒவ்வொருவராகப் பேசுதல். பேச விரும்பாதவர் சும்மா இருக்கலாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பிரசங்கம் பண்ணவே கூடாது. போதகர்களுக்கு இந்தக் கடைசி விதி மிகவும் கஷ்டம். ஆனாலும் அவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. முடிவில் தேநீர் கட்டாயம் வேண்டும்; பலர் உண்மையைச் சொல்லத் தொடங்குவது தேநீர் குடிக்கும்போதுதான்.

உள்ளே கேட்டது வெளியே போகக் கூடாது. மற்ற எதைத் தளர்த்தினாலும் இதைத் தளர்த்தாதீர்கள். நம் சபைகளில் வம்பு பெரும்பாலும் ஜெபக் குறிப்பு என்ற உருவத்தில்தான் வருகிறது: “பாவம், அந்தத் தம்பி மறுபடியும் விழுந்துவிட்டாராம், ஜெபித்துக்கொள்ளுங்கள்.” இப்படி ஒரு வாக்கியம் மகளிர் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தத் தம்பி இனி வர மாட்டார். வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு ஜெபிக்கக் கேட்பதும் இதே தவறுதான்.

சாதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குள் எந்தப் பக்கம் உட்காருவது என்பதிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சாதி புகுந்த சபைகள் தமிழகத்தில் உண்டு. இந்த அறைக்குள் அது நுழைந்தால் கூட்டம் நிற்காது. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். யார் முதலில் வந்தாலும் அவருக்குப் பிடித்த இடத்தில் உட்காரட்டும். தேநீர் எல்லோருக்கும் ஒரே வகைக் கோப்பையில். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் மனம் திறக்கிறவர்கள் அதிகம். அவர்கள் தங்கள் மொழியிலேயே அழட்டும்.

இந்து, முஸ்லிம் சகோதரர்கள் வந்தால்? வரவேற்றுக்கொள்ளுங்கள். குடியை விடுவதற்கு விலையாக மதம் மாற வேண்டும் என்ற எண்ணத்தின் நிழல்கூட விழக் கூடாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.), கிறிஸ்தவக் குழுவான ஆக்ஸ்போர்டு குழுவிலிருந்து பிறந்தது. ஆனாலும் கடவுளை அவரவர் அறிந்துகொண்டபடி என்று கதவை அகலமாகத் திறந்துவைத்தது. அருகில் ஏ.ஏ. கூட்டம் இருந்தால் அதற்கும் போகச் சொல்லுங்கள். சபைக் கூட்டம் அதற்குப் போட்டியில்லை.

நான்காம் படி: ஆபத்து நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டங்களில் ஆபத்துக்கு நாளும் கிழமையும் உண்டு. வாரம் முழுதும் பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை கூலியோடு ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்குகிறவர். மாம்பழப் பருவத்தில் தோட்டத்திலும் கூழ்த் தொழிற்சாலையிலும் கையில் ரொக்கமாகக் காசு பார்க்கிறவர். ஷிப்ட் முடிந்து உடம்பு வலியோடு திரும்பும் சிப்காட் தொழிலாளி. கல் குவாரியில் தூசி தின்றவர், “தூசியை இறக்க ஒரு குவார்ட்டர்” என்று பழகிவிட்டவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்துவிட்டால் அன்றைய போர் ஓய்ந்துவிடும்.

அந்த மணி நேரத்தைக் குறித்துக்கொண்டு அதில் ஆள் நிறுத்துங்கள். பஸ் நிலையத்துக்கே ஒருவர் போய் இரு சக்கர வாகனத்தில் அழைத்து வரலாம். கூலியை மேஸ்திரி நேரடியாக மனைவியின் கணக்குக்கு அனுப்பும்படி அவரே கேட்டுக்கொள்ளலாம். இது அவருடைய சம்மதத்தோடு நடக்க வேண்டும், தண்டனையாக ஆகிவிடக் கூடாது. அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கூலித் தொழிலாளி மேட் டால்பட் பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கி, வாரக் கூலியை முழுவதுமாக மதுக்கடையில் கொடுத்துவந்தவர். 1884இல் தன் 28ஆம் வயதில் நிறுத்தினார். முதலில் மூன்று மாதத்துக்குத்தான் உறுதிமொழி எடுத்தார். பிறகு ஆறு மாதம். அதன் பிறகே வாழ்நாள் முழுவதற்கும். சட்டைப் பையில் பணம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். 1925இல் இறந்த அந்தச் சுமை தூக்கும் தொழிலாளியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1975இல் வணக்கத்துக்குரியவர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படி) என்று அறிவித்தது. “இனி வாழ்நாளில் தொட மாட்டேன்” என்று முதல் நாளே சத்தியம் வாங்கும் நம் வழக்கத்தைவிட அவருடைய மூன்று மாதக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு மட்டும் என்பது அதைவிடவும் நல்லது.

திருமணம், மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா இவற்றுக்குத் தனியாகப் போகவேண்டாம். சாவு வீடுதான் மிகக் கடினம்: பறை ஒலிக்கும் இரவில் பாட்டில்கள் கை மாறும், மறுத்தால் இறந்தவருக்கு அவமரியாதை என்பார்கள். இருவரில் ஒருவர் கூடவே போய், மரியாதை செலுத்திவிட்டு, அடக்கம் வரை பக்கத்திலேயே நின்று, கூடவே திரும்பட்டும். கிறிஸ்துமஸ் இரவும், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்குப் பிந்தைய இரண்டு மணி நேரமும் தனித்திட்டம் கேட்பவை. ஆராதனை முடிந்ததும் இளைஞர்கள் எங்கே போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரவில் வகுப்பறையைத் திறந்துவைத்து, கேக்கும் காபியும் வைத்து விடியும் வரை உட்கார்ந்திருங்கள்.

ஐந்தாம் படி: அறிக்கையிடுதல்

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, சொஸ்தமாகும்படி ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறார் யாக்கோபு (5:16). கத்தோலிக்கருக்கு, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. குருவானவரின் வாய் முத்திரையிடப்பட்டது என்பதால் பயமில்லாமல் பேசலாம். மற்றச் சபையார் முதிர்ந்த ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். சில மாதங்கள் தெளிவாக இருந்த பிறகு, தனியாக உட்கார்ந்து, விற்ற நகை, அடித்த அடி, மறைத்த கடன் எல்லாவற்றையும் எழுதிப் படித்துக் காட்டுவது பெரிய பாரத்தை இறக்கும். ஈடு செய்யக் கூடியதைச் செய்ய வேண்டும். மேட் டால்பட் குடிக்காக ஒரு தெருப் பாடகரின் பிடிலைத் திருடியிருந்தார். திருந்திய பிறகு அவரைத் தேடி அலைந்தும் கண்டுபிடிக்க முடியாமல், அவருக்காகத் திருப்பலிக் காணிக்கை கொடுத்தார்.

சபைத் தலைவர்களுக்குச் சில வார்த்தைகள்

மேடையில் சாட்சி சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். குடியை விட்டு மூன்றே வாரமான ஒருவரை நற்செய்திக் கூட்டத்தில் நிறுத்தி, “இந்தச் சகோதரனைக் கர்த்தர் முற்றிலும் விடுவித்தார்” என்று அறிவித்துக் கைதட்ட வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அடுத்த மாதம் அவர் சறுக்கினால், தன்னோடு கர்த்தரின் பெயரையும் கெடுத்துவிட்டதாக நினைத்து ஒளிந்துகொள்வார். ஒரு வருடமாவது பொறுங்கள். அதேபோல முதல் வருடத்தில் பொருளாளர் பொறுப்போ காணிக்கை எண்ணும் வேலையோ கொடுக்க வேண்டாம். நாற்காலி போடுவதும் ஒலிபெருக்கி கட்டுவதும் நல்ல வேலைகள். அவர் தேவைப்படுகிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திருவிருந்தில் திராட்சை இரசம் புளித்ததாக இருந்தால், மீண்டு வருகிறவர்களுக்காகப் புளிக்காத சாற்றுக்கு மாற முடியுமா என்று பாருங்கள். கத்தோலிக்கருக்கு நற்கருணை அப்பம் மட்டுமே முழு நற்கருணை என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடச் சொல்லி விசுவாசத்தைச் சோதிக்கும் ஊழியர் எவரையும் மேடையேற்றாதீர்கள்.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்

அவர்களும் நோயுற்றிருக்கிறார்கள். சட்டைப் பையைத் தேடிப் பார்த்து, வாயை முகர்ந்து, வேலைக்கு வராததற்கு மேஸ்திரியிடம் பொய் சொல்லி, கடன் கட்டிக் களைத்தவர்கள். அவர்களுக்கென்று தனிக்கூட்டம் வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கென்றே உருவானது. அக்காமார் நான்கு பேர் ஒரு வீட்டில் கூடிப் பேசினாலே போதும்.

“பொறுத்துப்போ அம்மா, ஜெபி, அவர் மாறுவார்” என்று அடி வாங்குகிற பெண்ணிடம் சொல்லி அனுப்பாதீர்கள். அடி இருக்கும் வீட்டில் முதல் காரியம் பாதுகாப்பு: 181 என்ற மகளிர் உதவி எண், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தங்குவதற்கு நம்பிக்கையான ஒரு வீடு. மன்னிப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவர் குடியை விட்டுவிட்டார் என்பதற்காக அடுத்த வாரமே திரும்பிப் போகும்படி எந்த மூப்பரும் வற்புறுத்த வேண்டாம்.

சறுக்கினால்

பலர் சறுக்குவார்கள். அதைக் கேட்டு அதிர்ச்சி அடைவதுபோல முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். குடித்திருக்கும் இரவில் புத்தி சொல்வது வீண். பத்திரமாகப் படுக்க வையுங்கள். மயங்கியவர் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், எழுப்ப முடியாவிட்டாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 108ஐ அழைக்க வேண்டும். மறுநாள் காலை, சூரியன் ஏறுவதற்குள், இருவரும் அவர் வீட்டுக்குப் போங்கள். என்ன நடந்தது, எந்த மணி நேரத்தில், யாரோடு என்று கேளுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் அவரிடமும் இல்லை. மீண்டும் தொடர்ந்து பல நாள் குடித்திருந்தால் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டும், மருத்துவரை விட்டுவிடாதீர்கள். அந்த வாரச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அவர் வர மறுத்தால் கூட்டத்துக்கு முன்பே ஒருவர் போய் வாசலில் காத்திருக்கட்டும்.

இன்னொருவரிடம் போவது

ஒரு வருடம் தெளிவாக இருந்தவர் இப்போது மற்றவரைத் தேடிப் போகலாம். வின்சென்ட் தே பவுல் சபையும் மரியாயின் சேனை என்ற கத்தோலிக்க அமைப்பும் வீடு சந்திக்க இருவர் இருவராக அனுப்புவதில் நல்ல அறிவு இருக்கிறது. தனியாகப் போக வேண்டாம். போதையில் இருக்கும் நேரத்தில், இரவில், கடை வாசலில் பேச முயல வேண்டாம். காலையில், தலை வலிக்கும்போது, வீட்டாருக்கு முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போங்கள். தன் கதையைப் பத்து நிமிடம் சொல்லட்டும், பிறகு கேட்கட்டும். வேதப் புத்தகத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், அவர் கேட்டால் திறக்கலாம். கிளம்பும்போது கைபேசி எண்ணையும், சனிக்கிழமைக் கூட்டத்தின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அழைத்துப்போக வருவதாகச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.